செவ்வாய்க்கிழமை அழைப்பு

செப்டெம்பர் 14, ஞாயிறு

பின்னேரம் முழுக்க டிவிக்கு முன்னால். அமெரிக்கன் புட்போலில் இன்று இரண்டு பேர் பந்தை கோல் கம்பங்களுக்கு வெளியே உதைத்தார்கள். இரண்டு முறையும் கை தட்டினேன். என் மனைவி பிரியந்தி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து, “ஆர் வெண்டது?” என்றாள். “ஒருத்தரும் இல்லை. ஒருத்தன் விட்டுட்டான்” என்றேன். திரும்பிச் சமையலுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு எப்படிப் புரியும்? பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்ப ஒரு அணிக்கு ஒரு உதைகாரன்தான். ஞாயிறு அவன் தவறவிட்டால், செவ்வாய் வேலையில்லாத நாலைந்து பேரைக் கூப்பிட்டு உதைக்க விட்டுப் பார்ப்பார்கள். லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்து போய் அந்த வரிசையில் ஆறு தரம் நின்றிருக்கிறேன். மூன்று வருசத்தில் ஆடியது இரண்டே இரண்டு ஆட்டம். வயது இருபத்தொன்பது. இன்னொருத்தன் சறுக்கினால்தான் எனக்குப் பிழைப்பு. வெட்கங்கெட்ட பிழைப்பு.

செப்டெம்பர் 16, செவ்வாய்

போன் வரவில்லை.

செப்டெம்பர் 20, சனி

கிங்ஸ்பரி பார்க்கில் குகநாதன் அண்ணையோடு சண்டை. சண்டை என்ன சண்டை, நான்தான் கத்தினேன். கிழமை முழுக்க டைல்ஸ் பதிக்கிற மனுசன். இரண்டு வருசமாகச் சனிக்கிழமைகளில் சேற்றில் முழங்கால் போட்டு, பார்க்குப் பெடியன் ஒருத்தன் எறிகிற பந்தை ஏந்தி, நான் உதைக்க நிலத்தில் நட்டுப் பிடித்துத் தருகிறார். நான் மூன்று உதையைத் தவறவிட்டுவிட்டு, சரிவாகப் பிடித்தீர்கள் என்று அவரில் பாய்ந்தேன்.

எழும்பி முழங்காலைத் தட்டினார். “மிதுலன், நான் பந்தைத்தான் பிடிக்கிறன். உம்மட காலைப் பிடிக்க ஏலாது.”

போய்விட்டார். நான் கூப்பிடவும் இல்லை. பந்தை நிறுத்த இரும்புத் தாங்கி ஒன்று விற்கிறார்கள். அது வாய் காட்டாது.

செப்டெம்பர் 27, சனி

தாங்கியில் வைத்து நாற்பது உதை, முப்பத்தெட்டு உள்ளே. ஒருத்தரும் தேவையில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஞாயிறு ஆட்டத்துக்கு லண்டன் வந்திருக்கிற அணியின் உதைகாரனுக்குத் தொடை பிடித்துக்கொண்டதாம். ஏஜெண்ட் அழைத்தார். இங்கே கிட்ட இருப்பது நான் ஒருத்தன்தான். நாளை பத்து மணிக்குப் போய் உதைத்துக் காட்ட வேண்டும்! பிரியந்தி திருநீறு பூசும்போதே அழுதுவிட்டாள். “இந்தமுறை கிடைக்காட்டி இனி விடுங்கோ” என்றாள். ஓம் என்றேன். கிடைக்கும்.

அக்டோபர் 4, சனி

பன்னிரண்டு உதை. பன்னிரண்டும் உள்ளே. ஐம்பத்திரண்டு யார்ட் தூரத்து உதையும்கூட.

பயிற்சியாளர் கம்பத்தைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் எறிந்த பந்தை ஏந்துபவன் நட்டு, அது என் காலில் பட ஒன்று புள்ளி மூன்று செக்கனுக்குள் எல்லாம் முடிய வேண்டும். எனக்கு ஒன்று புள்ளி ஆறு. அதற்குள் எதிரணி பாய்ந்து தடுத்துவிடும். பந்து அசையாமல் நின்றதைக் கண்ட பிறகுதான் என் கால் கிளம்புகிறது. இரண்டு கிழமை இரும்போடு பழகிய கால். இரும்பு எங்கே அவசரப்படும்? அவசரப்பட்டு இன்னும் இரண்டு உதைத்தேன். ஒன்று நிலத்தை உரசிப் போனது.

நொண்டினாலும் எங்கள் ஆளே உதைக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஐயோ, குகநாதன் அண்ணையிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால்... வாய் வரேல்லையே எனக்கு. ஏன் வரேல்லை?

அக்டோபர் 5, ஞாயிறு

அந்த நொண்டிதான் கடைசி உதையில் வெல்ல வைத்தானாம்.

அக்டோபர் 11, சனி

குகநாதன் அண்ணை வீட்டுக்குப் போனேன். “விடும், அதையெல்லாம் ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது” என்று தேத்தண்ணி தந்தார். திரும்பவும் பார்க்குக்கு வருவீர்களா என்று கேட்டேன். “முழங்கால் இனி ஏலாதப்பா” என்றார். உண்மையாக இருக்கலாம்.

நவம்பர் 3, திங்கள்

பார்சல் கிடங்கில் முதல் ஷிப்ட். வேலை கடினமில்லை. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் ஏஜெண்டின் அழைப்பு. நேற்று ஒருத்தன் மூன்றைத் தவறவிட்டானாம். நாளை விடியவே விமானம், நாளைப் பின்னேரமே அமெரிக்காவில் உதைக்க வேண்டும், டிக்கெட் போடவா என்று கேட்டார்.

நாளைக்கு ஷிப்ட் இருக்கிறது, வர முடியாது என்றேன். சரி, இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிரியந்தி கேட்டாள், “நாளைக்கு எத்தினை மணிக்கு வேலை?”

“நாளைக்கு எனக்கு லீவு” என்றேன். பொய் சொன்னது ஏஜெண்டுக்குத்தான்.