ஜெல் தடவிய கை

மயிலாப்பூர்,
8.7.2024

தல்ஹாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் மட்டும்தான் நிதானமாக வருகிறது. மற்றதெல்லாம் கோபத்தில் எழுதுகிறேன்.

நாம் பிரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் பிள்ளையை உங்களிடம் விடுகிறேன். அந்த ஒரு நாளில் நொச்சிக்குப்பம் கூட்டிப்போய், படகு மேலிருந்து குதிக்கவிட்டு, வலது கையை வீங்கவைத்து அனுப்புகிறீர்கள். சரி, பிள்ளை என்றால் விழும். அதற்கப்புறம் செய்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடையாறு வரை போய், எக்ஸ்ரே எடுக்காமல், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிற மிஷினைக் கையில் வைத்துப் பார்த்து, எலும்பு முறிவு என்று கட்டு போட்டு வந்திருக்கிறீர்கள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவீர்களா?

நாளைக்கு நானே தி.நகரில் எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன். உங்கள் நம்பர் பிளாக்கில்தான் இருக்கும். பதில் சொல்வதானால் எழுதி ஷகீலா அக்காவிடம் கொடுங்கள். உங்கள் அக்கா இவன் பள்ளியிலேயே டீச்சராக இருப்பது இதற்காவது உதவட்டும்.

சகினா பேகம்

ராயப்பேட்டை,
9.7.2024

அன்புள்ள சகினா,

வ அலைக்கும் சலாம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே அக்கா, "நான் இன்னா போஸ்ட் ஆபீஸாடா?" என்று கத்திவிட்டுப் போனாள்.

கையைத் தொட்டாலே பிள்ளை அலறினான். டாக்டர் ஷண்முகப்ரியா, "கையைத் திருப்பக்கூட வேணாம், படுத்த எடத்துலயே பாத்துடலாம்" என்றார். ஜெல் சில்லென்று பட்டதும் அழுகையை விட்டுச் சிரித்தான். திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, ஒரு இடத்தில் மடிந்திருந்தது. எக்ஸ்ரே வேண்டாமா என்று நானும் கேட்டேன். நீ கேட்பாய் என்று தெரியாதா எனக்கு? "இதுவே போதும், சந்தேகம்னா அப்புறம் எடுக்கலாம்" என்றார்.

இவனை நாம் முதன்முதலில் பார்த்ததும் அப்படிப்பட்ட மிஷினில்தான். அன்றைக்கு நம்பினாய். எக்ஸ்ரே எடுத்துக்கொள், கட்டை மட்டும் கழற்றாதே.

கரீமுல்லா

மயிலாப்பூர்,
11.7.2024

தல்ஹாவின் அத்தாவுக்கு,

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. படம் எடுத்த ஆளே சொல்லிவிட்டார், "எலும்பு நல்லாத்தான் கீதும்மா" என்று. வீட்டுக்கு வந்து டியூப்லைட்டில் பிடித்து நானும் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கட்டைக் கழற்றிவிட்டேன்.

அன்றைக்கு நம்பினேன் என்கிறீர்கள். அந்த மிஷின் பிள்ளையைத்தான் காட்டியது. நீங்கள் எப்படிப்பட்டவர் என்று காட்டவில்லையே!

இனி ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். நீங்கள் கூட்டிப்போவதும், நான் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பதும் போதும்.

சகினா பேகம்

ராயப்பேட்டை,
13.7.2024

சகினா,

எக்ஸ்ரேயை டாக்டரிடம் காட்டாமல் டியூப்லைட்டிடம் காட்டியிருக்கிறாய். உன்னோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

வகுப்பில் இடது கையால் எழுதுகிறானாம். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க, அத்தாவத் திட்டுவாங்க" என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமையை நீயே வைத்துக்கொள். நான் வந்து நிற்கமாட்டேன், சண்டையும் போடமாட்டேன். அந்த டாக்டரிடம் மட்டும் நீயே கூட்டிப்போ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கரீமுல்லா

மயிலாப்பூர்,
15.7.2024

தல்ஹாவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சொல்லாமல் உங்களுக்குச் சொன்ன அக்காவோடு தனியாகச் சண்டை இருக்கிறது.

அடையாறு போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இதுலயும் லேசாத் தெரியுதும்மா, பழகின கண்ணுக்குத்தான் தெரியும்" என்றார். அப்புறம் அந்த மிஷின். முதலில் இடது கையில் வைத்தார். கோடு நேராகப் போனது. வலது கையில் அதே கோடு ஒரு இடத்தில் மடிந்து நின்றது. எனக்கே தெரிந்தது. கட்டு மறுபடி போட்டாயிற்று, நல்லபடியாகக் கூடிவிடுமாம். போதுமா, இப்போது திருப்திதானே?

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தீர்கள். அன்றைக்கு ஸ்கேன் அறைக்குள் ஆம்பிளைகளை விடமாட்டோம் என்ற நர்ஸிடம் சண்டை போட்டு உள்ளே வந்தீர்கள். எல்லோரும் முகத்தைக் காட்டச் சொல்வார்கள். நீங்கள், "டாக்டரம்மா, ரெண்டு கையும் நல்லா கீதா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு அழுகை வந்தது, போங்கள்.

டாக்டர் இவனிடம், "அத்தா வரலியா?" என்று கேட்டார். "அத்தா ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஆன்ட்டி. இப்போ அதுவும் இல்ல" என்றான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள். படகுப் பக்கம் போனால் நடப்பது வேறு. நம்பரையும் திறந்துவிட்டேன், அக்கா பாவம்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி ஸ்கேன் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜும்மா முடிந்ததும் நேராக அடையாறு வந்துவிடுங்கள். வாசலில் யாரிடமும் சண்டை போடாதீர்கள். உங்களை உள்ளே விடச் சொல்லி நானே சொல்லிவைத்திருக்கிறேன்.

சகினா