பரிந்துரைக்கு விட்டிருந்த இடம்

பிப்ரவரி 12

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. ஆறு மாடி. “நாட்டுக்கே பணம் பிரிச்சுக் குடுக்கிறோம், நம்ம லிஃப்டுக்கு வழியில்ல” என்று அடுத்த மேசைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

மேலே போனதும் செயலாளர் கூப்பிட்டார். எதைக் கொண்டுபோனாலும் வெட்டுவதால் நிதித்துறை முழுக்க அவருக்குப் பெயர் கத்தரிக்கோல். இரண்டு கோப்புகளை என் பக்கம் தள்ளினார். பட்ஜெட்டில் எல்லாருக்கும் ஒதுக்கியது போக ஒரே ஒரு தொகை மிஞ்சியிருக்கிறது. ஒரு கோப்பு ராணுவத்துடையது: எல்லைச் சாலைக்குக் கண்ணிவெடி தாங்கும் வண்டிகள் நாற்பது. மற்றது சுகாதாரத் துறையுடையது: ஆற்றோரத்து ஊர் ஒன்றுக்குக் கோடைக்குள் கட்டிவிடக்கூடிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். மிஞ்சிய தொகை ஒன்றுக்குத்தான் காணும்.

“ரெண்டையும் படிச்சு ஒரே பக்கத்துல எழுதுங்க. கடைசியில பரிந்துரைன்னு இடம் விட்டிருக்கு பாருங்க, அமைச்சர் அதைத்தான் படிப்பார்.”

எல்லைச் சாலையில் என் தம்பி ராணுவ லாரி ஓட்டுகிறான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 13

சொல்லிவிட்டேன். கோப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றும் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இந்தக் கட்டடத்துல யாருக்குத்தான் அங்க ஆள் இல்ல? என் மருமகன் அங்கதான் இருக்கார். எழுதுங்க.”

பிப்ரவரி 17

ராணுவத்திலிருந்து கர்னல் வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவர் வந்து மேசையைத் தட்டுவார் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஸ்வெட்டர் முழங்கையில் நூல் பிரிந்து தொங்கியது.

“ஏவுகணை கேக்கல மேடம், போர்க்கப்பல் கேக்கல. இப்ப ஓடுற லாரிக்கு அடித்தகடு பிஸ்கட் டின் மாதிரி இருக்கு. பசங்க சீட்டுக்குக் கீழே மணல் மூட்டையைப் போட்டு அதுமேல உக்காந்து ஓட்டுறாங்க.” போன வருடம் செத்தது பத்தொன்பது பேர். காகிதத்தைப் பார்க்காமல் பத்தொன்பது பெயரையும் சொன்னார்.

பாதி வண்டி கொடுத்தால் சமாளிப்பீர்களா என்று கேட்டேன். “குடுங்க. மீதி பழைய வண்டியில யார் ஏறணும்னு நீங்க வந்து சொல்லிட்டுப் போங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 19

ஆற்றோரத்து ஊரின் டாக்டரம்மா எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். வராந்தா பெஞ்சில் காத்திருந்தவர் அப்படியே தூங்கிப்போனார். தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியதாயிற்று. “நம்பர் என்ன?” என்று பதறிக்கொண்டு எழுந்தார். என்னைக் கட்டில் நம்பர் கேட்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

போன கோடையில் வாந்திபேதிக்கு நாற்பத்து மூன்று பேர் பலி. “ஒரு கட்டில்ல மூணு பிள்ளைங்க படுத்திருந்தாங்க. குணமாக்கி அனுப்புவேன். வீட்டுக்குப் போய் அதே தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பி வரும். நான் டாக்டரா, இல்ல பஸ் ஸ்டாண்டான்னு எனக்கே சந்தேகம்.”

இவரிடமும் பாதி போதுமா என்றேன். “பாதி சுத்தமான தண்ணின்னு ஒண்ணு கிடையாதுங்க.”

பிப்ரவரி 20

ராணுவக் கோப்பைப் படித்தால் அது சரி. சுகாதாரக் கோப்பைப் படித்தால் இது சரி. இரண்டையும் மூடி வைத்தால் தலைவலி.

பிப்ரவரி 22

ஞாயிறு. தம்பி பேசினான். அம்மா சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்து கேட்டேன்: “மணல் மூட்டை மேல உக்காந்தா ஓட்டுறே?”

“உனக்கு யாரு சொன்னா? அம்மாகிட்ட உளறி வைக்காதே.”

“பயமா இருக்காடா?”

ஏதோ ஜோக்கடித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஒரு திருப்பம் இருக்குக்கா. அங்க வந்தா மட்டும் மூச்சை அடக்கிக்குவேன். மூச்சை அடக்கினா வெடிக்காதா என்ன? ஆனாலும் அடக்குவேன்.”

கோப்பு என்னிடம் இருப்பதை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 24

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பள்ளியில் கணக்கு வாத்தியார், பேச்சும் அப்படித்தான். “அங்க பத்தொன்பது, இங்க நாற்பத்து மூணு. இதுல குழம்ப என்ன இருக்கு?”

“உங்க தம்பியா இருந்தா?”

தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினார். எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார்: “அப்பவும் கணக்கு அதேதான். ஆனா நான் போட மாட்டேன்.”

பிப்ரவரி 26

எழுதிவிட்டேன். குடிநீர் நிலையத்துக்கு.

காரணம்? ராணுவத்துக்கு வேறு செலவுத் தலைப்புகளிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அந்த ஊருக்கு வேறு தலைப்பே கிடையாது. ‘எந்த மக்களுக்காக எல்லையைக் காக்கிறோமோ’ என்று ஒரு வாக்கியம் எழுதினேன். மேடைப் பேச்சு மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

தம்பிக்கு எதிராக எழுதினால்தான் நியாயமாக எழுதியதாக ஆகும் என்று எங்கேயாவது ஒரு மூலையில் நினைத்தேனா? அப்படியென்றால் அதுவும் ஒரு பாரபட்சம்தானே?

கோப்பைக் கட்டிச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9

கோப்பு திரும்பி வந்தது. என் பரிந்துரைக்குப் பக்கத்தில் அமைச்சரின் பச்சை மையில் ஒரு வரி: ‘தற்போதைய சூழலில் ஏற்பதற்கில்லை. வண்டிகளை வாங்கலாம்.’

படித்ததும் நிம்மதி. முதலில் வந்தது அதுதான், இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். பிறகு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். எதுக்கு அழுதேன்? தோத்ததுக்கா, தோத்ததுல சந்தோஷப்பட்டதுக்கா? அந்தக் குழாய்ல தண்ணி என்ன தெளிவா வருது. சீ.

மார்ச் 10

டாக்டரம்மாவிடம் நானே போனில் சொன்னேன். “நீங்க என்ன எழுதினீங்க?” என்று கேட்டார். உங்களுக்குத்தான் எழுதினேன் என்றேன். “ஓ” என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

நல்ல பெயர் வாங்கிக்கொள்ளத்தான் போன் செய்தேனோ?

மே 21

தம்பி உயிரோடு இருக்கிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை அவன் சொன்ன அதே திருப்பத்தில் கண்ணிவெடி. புது வண்டி வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. முன்சக்கரம் வயலில் போய் விழுந்ததாம். உள்ளே இருந்த ஐந்து பேரும் கதவைத் திறந்து இறங்கி நடந்திருக்கிறார்கள். காதில் மட்டும் ‘ஙொய்’ என்று சத்தமாம். நான் பேசுவது பாதிதான் கேட்கிறது அவனுக்கு. சத்தம் போட்டுச் சிரிக்கிறான்.

அம்மா போனை வாங்கி அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். போனை வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த வண்டி வேணும்னு எழுதின மகராசன் யாரோ, அவன் பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணும்” என்றாள்.

நான் போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 14

செய்தித்தாளில் ஆறாம் பக்கம், கீழே. ஆற்றோரத்து ஊரில் வாந்திபேதி. இருபத்தாறு பேர் இறப்பு, பாதிக்கு மேல் குழந்தைகள். மருத்துவமனை எண்ணுக்கு மதியம்வரை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஜூன் 20

தம்பி பேசினான். வெடியில் மாட்டியவர்களைக் கொஞ்ச நாளைக்கு எல்லையிலிருந்து பின்னால் அனுப்பியிருக்கிறார்கள். நிவாரண வேலை. எங்கே என்று கேட்டேன். அந்த ஊர்.

“தண்ணி லாரி ஓட்டுறேன்கா. விடிஞ்சா வரிசை. பாதிப் பேர் குடத்தைத் தூக்கத் தெம்பில்லாம ரோட்டுலயே உக்காந்துடுறாங்க. வெடியே தேவலாம்.” அப்புறம், “இந்த ஊருக்கு ஒழுங்கா ஒரு தண்ணி வசதி பண்ணணும்னு எவனுக்குமே தோணலியா? எல்லாம் உங்க ஆபீஸ்லதானே முடிவு பண்றீங்க?” என்றான்.

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றேன்.

ஜூன் 21

லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 27

சொல்லிவிட்டேன். கோப்பு, தொகை, நான் எழுதியது, பச்சை மை, எல்லாம்.

“அப்போ வண்டி வேணாம்னு எழுதினே.”

“தண்ணி வேணும்னு எழுதினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா?”

“ஆமாடா.”

“அந்த வண்டியாலதான் நான் இப்ப உன்கிட்ட பேசிட்டிருக்கேன்.”

“தெரியும்.”

பிறகு அங்கே யாரிடமோ “தோ வரேம்மா, குடத்தை நகத்தாதீங்க” என்றான். என்னிடம், “வரிசை நிக்குது, வைக்கிறேன்.”

ஜூலை 6

ஒன்பது நாளாக அவன் பேசவில்லை. அம்மாவிடம் பேசுகிறான், என்னைக் கேட்பதில்லை. “ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?” என்றாள் அம்மா. சண்டையா இது? தெரியவில்லை.

ஜூலை 8

துணை பட்ஜெட் வருகிறதாம். கத்தரிக்கோல் மறுபடி கோப்பை நீட்டினார். தொகை போன தடவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ராணுவம் வண்டிகளுக்கு உதிரி பாகம் கேட்கிறது. சுகாதாரத் துறை அதே நிலையத்தைக் கேட்கிறது.

“சார், போன தடவை நான் எழுதினபடி நடந்திருந்தா என் தம்பி இல்ல. நடக்காததால அங்க இருபத்தாறு பேர் இல்ல. நான் எழுதினது சரியா தப்பான்னே எனக்குத் தெரியல.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். “எனக்கும் தெரியலம்மா” என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அம்மா என்று அழைத்ததில்லை. “வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

ஜூலை 10

காலையில் செருப்பு மாட்டும்போது தம்பி கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“பேனா இருக்கா? எழுதிக்கோ. இங்க பழைய பம்பு அறை ஒண்ணு இருக்கு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு, நான் இறங்கிப் பார்த்தேன். இஞ்சினியர் சொல்றார், அதை வச்சே சின்னதா வடிகட்டி கட்டிப் புதுக்குழாய் போட்டா மூணு தெருவுக்கு நல்ல தண்ணி குடுக்கலாமாம். துணை பட்ஜெட்டுல எவ்வளவு இருக்குன்னு டாக்டரம்மாவுக்கு அவங்க துறையில சொல்லியிருக்காங்க, அந்தப் பணத்துல முடியும்ங்கிறாங்க. நீ என் அக்கான்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

சுவரில் காகிதத்தை வைத்து எழுதினேன். “அப்போ உங்க வண்டிக்கு உதிரி பாகம்?” என்றேன்.

“அடுத்த மாசம் நான் திரும்பி அந்த ரோட்டுக்குத்தான் போகணும்” என்றான். “முதல்ல இதை எழுது.”

எழுதி முடித்து, இன்னொரு முறை படித்தேன்.

“ஊர்ல பதினோரு தெரு இருக்கு. எந்த மூணு தெருடா?”

“அதைத்தான்கா நானும் இவங்ககிட்ட கேட்டேன். நீங்கதான் எழுதணுமாம்.”