முந்திரி டப்பாவின் அடியில்

மந்தாரக்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தமிழ்மாறனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

ஒன்பது மாதமாக உனக்கு மலத்தில் இரத்தம் போகிறது என்று புவனா சொன்னாள். புதன்கிழமை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள். யார்கிட்டயும் சொல்லாதன்னு அண்ணன் சத்தியம் வாங்கிச்சுப்பா, உனக்குத் தெரிஞ்சா வலி மாத்திர அனுப்பறத நீ நிறுத்திடுவியோன்னு பயந்துகினு இருக்குது என்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த மாத்திரை அப்போது என் பையில் இருந்தது. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் வாங்கி வந்தேன், உனக்காக.

உனக்குத் தெரியாத ஒன்று. எனக்கு மூட்டுவலி போய் மூன்று வருஷம் ஆகிறது. ரிட்டயர் ஆனதும் வலியும் நின்றுவிட்டது. ஆனாலும் மாதாமாதம் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தோடு போய், டாக்டரம்மா முன்னால் நொண்டி நடந்து, வலிக்குதுங்க என்று சொல்லி மாத்திரை வாங்கினேன். நீ தோஹா வெயிலில் குனிந்து கம்பி கட்டுகிறவன், முதுகு பிடித்தால் ஷிஃப்டு போய்விடும் என்றாய். மைன்ஸில் கரி ஓடும் பெல்ட்டில் வேலையாக இருந்தபோது நாங்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினோம். அதில் கெடுதல் இருக்கும் என்று தோன்றவே இல்லை. வயிறு இளகிப் போகிறது என்று நீ சொன்னபோது மெஸ் சாப்பாடு என்று நினைத்தேன். அலமாரியில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கையும் அனுப்பினேன். இரண்டு தடவை.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் நொண்டாமல் நடந்து போனேன். அவர் கவனித்தார். உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பையனுக்கு என்ன வயசு, ஒரு நாளைக்கு எத்தன போடறார் என்று கேட்டார். இருபத்தெட்டு என்றேன். எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. பெருங்குடலில் அழற்சியாக இருக்கலாம், குழாய் விட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். வலி மாத்திரை சிலருக்கு அதைக் கிளப்பிவிடுமாம், அடங்கிக் கிடந்ததை முற்றவும் வைக்குமாம், ஆன்டிபயாடிக்கின் மேலும் சந்தேகம் உண்டாம். அதனாலதான் வந்துச்சுங்களா என்றேன். ஆமான்னும் சொல்ல முடியாதுங்க, இல்லன்னும் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்றிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து சைக்கிள்களுக்கு நடுவில் நின்றேன். என்னுடையது எது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

 நேற்று அம்மா, புள்ளைக்குப் பலகாரம் மாரி அனுப்பிகினு இருந்தியேய்யா என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போனில் நிறுத்தச் சொன்னேன். புவனா ஒளறுதுப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன், நிறுத்திடறேன் என்றாய். அந்தக் குரலை எனக்குத் தெரியும். வலிக்குதுங்க என்று டாக்டரம்மாவிடம் நான் பேசிய குரல். வைக்கும்போது, லீவுல வந்திருக்கற கலியமூர்த்திகிட்ட டப்பா குடுத்தனுப்ப மறந்துடாதப்பா என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வலி மாத்திரையைத் தொடாதே. கடையில் வாங்காதே, கூட இருப்பவர்களிடமும் கேட்காதே. முதுகு வலித்தால் ஷிஃப்டு போகட்டும். ஆஸ்பத்திரிக்குப் போ. இதுவரை அனுப்பிய மாத்திரைகளின் பெயர்களை டாக்டரம்மா தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு மடித்து வைத்திருக்கிறேன், அங்கே காட்டு. யார் கொடுத்தது என்று கேட்டால் அப்பா என்று சொல். உன் அறையில் இருப்பவன்தானே கலியமூர்த்தி, லீவு முடிந்து திரும்புகிறவனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், உன்னைக் கூட்டிப்போவான். கோபப்படாதே. வேலை வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி வா. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

டப்பா வருகிறது. மேலே முந்திரி. உனக்கு இப்போது அது ஆகாதாம், மற்றவர்களுக்குக் கொடு. அடியில், எப்போதும் மாத்திரை இருக்கும் இடத்தில், இந்தக் கடிதத்தை வைக்கிறேன். உன் கை முதலில் அங்கேதான் போகும்.

அம்மாவும் நானும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. அந்தத் தாளை மறக்காதே.

உன் அப்பா
சக்கரபாணி