நடைமேடைப் பக்கத்து ஜன்னல்

ஜனவரி 17, 1938. திங்கள்.
காலையில் கடும் பனி. அம்பத்தூர் ஸ்டேஷன் விளக்கு தெரியவில்லை, வண்டிச் சத்தம் மட்டும்.

ஆபீசிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வயதை உத்தேசித்துப் பட்டணத்தில் மேஜை வேலையா, அல்லது பெண் பள்ளிகளைப் பார்வையிடும் வேலையிலேயே நீடிப்பதா. அடுத்த திங்களுக்குள் பதில். இனிமேல் ஜில்லாக்கள் கூடும். மாதத்தில் பாதி நாள் ரயிலில்.

பள்ளிக்கூடங்களை விட மனமில்லை. ரயில் பிடிக்கவில்லை. ஏன் என்று இன்று ஒழுங்காக யோசித்தேன். கரித்தூள் அல்ல. குலுக்கலும் அல்ல.

பெண்கள் பெட்டியில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. நடைமேடைக்கு எதிர்ப்புறம், மூலை. எல்லோரும் ஏறிய பிறகு ஏறுவேன். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் ஏறும்போது முதலில் என் பாழ் நெற்றியைப் பார்க்கக் கூடாது அல்லவா. யாரும் சொல்லி வைத்ததில்லை. அம்மா அப்படி ஒதுங்குவாள். நானும் ஒதுங்கினேன். தர்க்கசாஸ்திரம் படித்து பி.ஏ. வாங்கியவள். சகுனத்தில் ஒரு துளி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மூலை.

புதனன்று சேலம் போக வேண்டும். பகல் முழுவதும் வண்டி. நடைமேடைப் பக்கம் உட்காருவது, யார் சொன்னாலும் நகராமலிருப்பது. தாங்க முடியாவிட்டால் மேஜை வேலை. தீர்ந்தது.

18, செவ்வாய்.
வெயில் நன்றாக இருந்தது. புடவைகள் காய்ந்தன.
எடுத்துப் போக: கூஜா, கம்பளி, புளிச்சோறு, கண்ணாடிக்கு வேறு கூடு, தலைவலித் தைலம்.

தம்பி மனைவி கமலா சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டே, "நாளைக்கு முகூர்த்த நாளாச்சே அக்கா. கல்யாணக் கும்பலா ஏறும். நீங்க எப்பவும் போல அந்தாண்டயே உக்காந்துகினா நிம்மதியா போவலாம்" என்றாள். எனக்கு அவமானம் வரக் கூடாதென்று சொல்கிறாள். நல்ல பெண்.

தம்பி: "மேஜை வேலைன்னு எழுதிப் போடேன்க்கா. இன்னும் இன்னாத்துக்கு இந்த அலைச்சல்?"
கொத்தமல்லி வாடிவிட்டது. தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைவில்லை.

19, புதன். சேலம், விடுதி.
தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

முதலில் ஏறினேன். ஜன்னல் கிடைத்தது. ஆவடியில் சேக்காட்டுக் கும்பல் ஒன்று, பையனுக்குப் பெண் நிச்சயிக்க அரக்கோணம் போகிறவர்கள். முன்னால் வெற்றிலைத் தட்டோடு பருத்த அம்மாள், பையனின் தாய். நேரே என் முகத்தில் விழித்தாள்.

"ஐயே! இன்னாடி இது, கெளம்பறப்பவே!"

பிறகு என்னிடம், சண்டையாக இல்லை, கேட்டுக்கொள்வதாகவே: "ஏம்மா, கொஞ்சம் அந்தாண்ட போய்க் குந்திக்கயேன். நல்ல காரியத்துக்குப் போய்கினு கீறோம்."

எழுந்துவிட்டேன். உண்மை. பாதி எழுந்து, பையைக் கூட எடுத்துவிட்டேன். மறுபடி உட்கார்ந்தேன்.

"இல்லையம்மா. நான் இங்கேதான். நீங்கள் ஏறுங்கள்."

மற்றவர்கள் அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள். இந்த அம்மாளால் ஓட முடியவில்லை. கார்டு ஊதிவிட்டான். வேறு வழியில்லாமல் எங்கள் பெட்டியிலேயே ஏறி, எனக்கு முதுகைக் காட்டி, முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெற்றிலைத் தட்டின் மேலும் அதே முந்தானை.

எதிரே கைக்குழந்தைக்காரி ஒருத்தி: "பாத்து குந்து பெரீம்மா. களுத்து சுளுக்கிக்கினா பொண்ணு ஊட்ல கோணலாத்தான் நிப்பே."

பெட்டியே சிரித்தது. முந்தானைக்குள்ளும் குலுங்கியது.

திருவள்ளூர் தாண்டி, முந்தானைக்குள்ளிருந்து குரல்: "எங்க போற?"
"சேலம். பள்ளிக்கூடம் பார்க்க."
"தனியாவா?"
"தனியாகத்தான்."
"தெகிரியந்தான்." சற்றுக் கழித்து, "எம் பொண்ணு ஒண்ணு, அரக்கோணம் தாண்டினதில்ல."

இறங்கும்போதும் திரும்பவில்லை. "இப்ப எறங்கி, தாலி கட்டின மூஞ்சி ஒண்ணு பாத்துட்டுத்தான் நடப்பேன். கோச்சுக்காதம்மா."
"பாருங்கள்" என்றேன். கோபமில்லை. வருத்தம் இருந்தது, சோளிங்கபுரம் வரை.

அதன் பிறகு வேடிக்கை பார்த்தேன். இத்தனை வருஷமும் இந்த ஸ்டேஷன்களின் பெயரைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். குடியாத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வடகம் நடைமேடையிலேயே காய்கிறது, காக்கைக்கு அவரே கொடி ஆட்டுகிறார். வாணியம்பாடியில் பிரிய மனமில்லாமல் இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். தலைவலித் தைலத்தை எடுக்கவே இல்லை.

ஜோலார்பேட்டையில் நடைமேடை மறுபக்கம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

20, வியாழன்.
இரண்டு பள்ளிகள். ஒன்றில் கணக்கு மோசம், பாட்டு நன்று. மற்றதில் எல்லாம் சுமார். வெந்நீர் இல்லை. முதுகு வலி.

22, சனி.
திரும்பும் வண்டி. காட்பாடியில் மணப்பெண்ணோடு ஒரு கூட்டம். என்னைப் பார்த்ததும் பெண்ணின் கண்ணை ஒருத்தி கையால் பொத்தி, வேறு பெட்டிக்கு அழைத்துப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சேக்காட்டு அம்மாளே மேல், கேட்கவாவது கேட்டாள்.

வலித்தது. வலிக்காது என்று நினைத்தது பிசகு. ஆனால் மூலையில் உட்கார்ந்தபோதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அவ்வளவே வித்தியாசம்.

நகரவில்லை. ஆம்பூரில் வாங்கிய கொய்யாவைத் தின்றேன்.

23, ஞாயிறு.
மந்தாரம். கொத்தமல்லி பிழைக்காது.

பதில் எழுதியாயிற்று. பார்வையிடும் வேலையே. சுருக்கமாக, காரணம் சொல்லாமல். தம்பி படித்துவிட்டு மை ஒற்றிக் கொடுத்தான்.

கமலா: "அப்ப ரயிலு புடிச்சுப்போச்சா அக்கா?"
"சேலம் வரைக்கும் பிடித்தது" என்றேன்.
"அப்புறம்?"
அப்புறம் இறங்க வேண்டியிருந்தது, போதவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. திருநெல்வேலிக்கு எந்த வண்டி என்று தம்பியிடம் கேட்டேன்.