கையை விடவில்லை என்ற வரி

8 ஒக்டோபர் 2023, ஞாயிறு
லவினியாவின் தாயாருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, மகளின் குரலில் ஒரு கவிதை வேண்டுமாம். ஜெர்மனியில் இந்தப் பான் நகரில் நம்மவர் சாவுகளுக்கெல்லாம் நான்தானே எழுதிக் கொடுக்கிறேன். இந்த முறை ஒரு வரியும் வரவில்லை. தெருவோர இலவசப் புத்தக அலமாரியில் எடுத்த பழைய ஆங்கிலக் கவிதைப் புத்தகம் மேசையில் கிடக்கிறது. வின்ஸ்கோம்ப் என்று ஒருவர். இறந்த மனைவிக்கு எழுதியிருக்கிறார். வாசித்து அழுதேன்.

10 ஒக்டோபர்
அந்தக் கவிதையைத் தமிழில் எழுதி, அவருடைய மனைவியை அம்மாவாக்கினேன். கீழே என் பெயரைப் போட்டேன். இங்கே யார் அவரைப் படித்திருக்கப் போகிறார்கள்?

21 ஒக்டோபர், சனி
லவினியாவின் அண்ணன் கவிதையை வாசிக்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். பூசை முடிந்து மண்டபத்தில் லவினியா வாசித்தாள். "கடைசி மூச்சுவரை உன் கையை நான் விடவில்லை" என்ற வரியில் தடுமாறி நின்றுவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். சீ.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள். தாய் போன நேரம் அவள் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வேலையில் நின்றிருக்கிறாள். கையைப் பிடித்திருந்தது அண்ணி பிறேமா. மண்டபத்தில் இருந்த சனத்துக்கெல்லாம் இது தெரியும். நான்தான் விசாரிக்கவே இல்லை.

"என்னைக் குத்திக்காட்டத்தானே எழுதினனீங்கள், சுலோக்கா?"

இல்லை என்றேன். உண்மையைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

22 ஒக்டோபர்
உண்மையைச் சொன்னால் நான் அவளைக் குத்தவில்லை என்று தெரியும். என் மானம் போகும். இதற்குப் போய் யோசித்துக்கொண்டிருக்கிறேனே — வெட்கமில்லையா எனக்கு?

இன்றுதான் புத்தகத்தின் முன்னுரையை வாசித்தேன். மனைவி இறந்தபோது வின்ஸ்கோம்ப் லண்டனில் ஒரு விருந்தில் இருந்தாராம். கையும் பிடிக்கவில்லை, ஒன்றுமில்லை. இந்தக் கவிதைக்குப் பிறகு வேறு கவிதையே எழுதவில்லையாம்.

24 ஒக்டோபர்
புத்தகத்தோடு போய், களவெடுத்தேன் என்று சொன்னேன். லவினியா முன்னுரையை மெதுவாக வாசித்தாள்.

"இந்த மனுசனும் போகேல்லையோ?"

தேத்தண்ணி தரவில்லை.

5 நவம்பர்
கதை பரவிவிட்டது. கடையில் என்னைக் கண்டதும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நல்லா வேணும் எனக்கு.

21 செப்டெம்பர் 2024, சனி
ஓராண்டு நினைவு. போகத் துணிவில்லாமல் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். மலரில் அதே கவிதை, வின்ஸ்கோம்பின் பெயரோடு. தமிழில் எழுதியவள் என்று என் பெயர் சின்னதாக. அம்மா என்று இருந்த இடமெல்லாம் மாமி.

லவினியா வந்து என் பக்கத்தில் இருந்தாள். வாசித்தது மருமகள் பிறேமா. அந்த வரியில் அவள் தடுமாறவே இல்லை.