காற்றுப் பையா, கம்பிச் சுருளா

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வண்டி மறுபடியும் சாய்ந்து நின்றது. இடது முன்பக்கம் நான்கு விரற்கடை தாழ்வு. நேற்று மாலை நிறுத்தியபோது நான்கு மூலைகளும் சமமாக இருந்தன. அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். இரவெல்லாம் யாரோ அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்து, விடிந்த பிறகும் எழுந்துபோக மறந்துவிட்டதைப் போன்ற சாய்வு.

இப்படி எழுதுவது எனக்கு அழகில்லை. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள். சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர்ப் பையில் காற்று நிற்கவில்லை, அவ்வளவுதான். செத்தவர்களுக்கு எடை கிடையாது.

மார்ச் 5

பகல் பதினொரு மணிக்கு வண்டி பெருமூச்சு விட்டது. உள்ளே ஆளில்லை, சாவி என் மேசைமேல் இருந்தது. கையேட்டைப் பார்த்தேன்: நிறுத்திவைத்த நிலையிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி அவ்வப்போது விழித்துக்கொள்ளும், தாழ்ந்திருக்கும் மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கும், அப்போது காற்று வெளியேறும். சரி. விளக்கம் போதுமானது. ஆனாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் 7, வெள்ளி

பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இடுப்பெலும்பு மாற்றிவைத்த எழுபத்து மூன்று வயதுக்காரியைக் குனியச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். குனிந்தேன். பையின் மடிப்பில் குமிழிகள்.

"வயசாயிடுச்சு மேடம். ஓரமெல்லாம் வெடிச்சுப்போச்சு."

"யாருக்கு?"

"பைக்குத்தான் மேடம்," என்றார் அவசரமாக.

வழி இரண்டு. நான்கு காற்றுப் பைகளையும் புதிதாக மாற்றலாம். அல்லது பை, காற்றடைக்கும் கம்ப்ரஸர், குழாய், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடலாம். வெறும் கம்பிச் சுருள். மெக்கானிக் சுருள் கட்சி.

"காத்துங்கிறது மாமியார் வீட்டு விருந்து மேடம். சொகுசா இருக்கும், எப்ப மூஞ்சி மாறும்னு தெரியாது. ஸ்பிரிங் பொண்டாட்டி மாதிரி. குலுக்கும், முதுகை ஒடிக்கும், நடுக்காட்டுல விட்டுட்டுப் போகாது."

"இதை உங்கள் மனைவியிடம் சொன்னதுண்டா?"

"எதுக்கு மேடம் வம்பு."

எனக்குச் சிக்கல் வேறு. காற்று என்றால் ஒரு சுவிட்சை அழுத்தினால் வண்டி ஒரு சாண் இறங்கிக் கொடுக்கும். நான் ஏறி உட்கார்ந்ததும் எழும். சுருள் இறங்காது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அந்த உயரத்துக்குத் தனியாக ஏற என்னால் முடியாது. என் வீட்டுக்கு வரும் கடைசி மூன்று கிலோமீட்டர் பாறைத்தடத்தில் சாதாரணக் கார் வராது. வண்டியில் ஏற முடியாத நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளுடைய அடுக்ககத்துக்குப் போக வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை கணினியை இணைத்துப் பழுதுப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 8

மகள் தொலைபேசியில். அவளுடைய மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் போலிருக்கிறது.

"ஸ்பிரிங்கைப் போடும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் காத்துதானே அப்பாவைக் கொன்னுச்சு."

"ஆமாம்," என்றேன்.

இரண்டு வருடமாக நான் அவளுக்குச் சொல்லிவருவது இது: மலையிலிருந்து இறங்கி ஓடையைக் கடந்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. காற்று இறங்கத் தொடங்கியது. வண்டியின் வயிறு பாறையில் தட்டும் என்பதால் ஓட்ட முடியவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி. தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. உதவி தேடி நடந்தேன். ஆறரைக்கு ஆட்களுடன் திரும்பியபோது வண்டி தரையோடு அமர்ந்திருந்தது. அவர் உள்ளே இறந்திருந்தார்.

இதில் 'இறங்கத் தொடங்கியது' என்பது மட்டும் நான் கண்ணால் பார்த்ததல்ல. விளக்கு எரிந்ததால் இறங்கும் என்று முடிவு செய்தேன். திரும்பியபோது இறங்கியிருந்தது. ஆகவே நான் சொன்னது சரி.

அவர் என்ன சொன்னார் என்பதை மகளிடம் சொன்னதில்லை. "புரொபசர், வண்டியை எடு. ஒண்ணும் ஆகாது. எடு."

மார்ச் 11, செவ்வாய்

பட்டறையிலிருந்து வந்து ஒரு மணி நேரம் கழித்து எழுதுகிறேன்.

மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பியைச் செருகிக் கணினியில் பட்டியலை ஓடவிட்டார். பழைய பதிவுகளும் அழியாமல் இருந்தன. அந்தத் தேதி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது.

3:52. கம்ப்ரஸர் சூடு.

"தண்ணில இறங்கி ஏறியிருப்பீங்க. சூடானா விளக்கு போடும், அப்புறம் ஆறிடும். பையில காத்து அப்படியேதான் இருந்திருக்கு, கசிவுன்னு ஒரு வரி இல்லை பாருங்க. மெதுவா ஓட்டிக்கிட்டே வந்திருக்கலாமே. யாரு நிறுத்தச் சொன்னது?"

"கையேடு," என்றேன். "நாற்பத்திரண்டாம் பக்கம். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி உதவி தேடவும்."

"அதைப் போய் யாரு மேடம் படிப்பாங்க," என்று சிரித்தார்.

4:31. தாழ்த்தல் நிறுத்தம்: இடது முன் கதவு திறப்பு. 4:37. கதவு மூடல். தாழ்த்தல் நிறைவு.

இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். தானாக இறங்கினால் இப்படி விழாது என்றார். யாரோ சுவிட்சை அழுத்தி இறக்கியிருக்கிறார்கள். பாதியில் கதவைத் திறந்ததால் பாதுகாப்புக்காக அப்படியே நின்றிருக்கிறது. கதவை மூடியதும் மிச்சமும் இறங்கிவிட்டது.

அதை அச்செடுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் தந்தார்.

மார்ச் 12

என் கணவருக்கு முழங்கால் மடங்காது. இறங்க வேண்டுமானால் வண்டியைத் தாழ்த்தித்தான் இறங்குவார். விசிறி ஓடட்டும் என்று சாவியை விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

3:55க்கு நான் நடக்கத் தொடங்கினேன். முப்பத்தாறு நிமிடம் பொறுத்திருக்கிறார். பிறகு சுவிட்ச். பிறகு கதவு. எங்கே போக? என் பின்னால் வரவா? சுற்றிவந்து தானே ஓட்டவா?

ஆறு நிமிடம் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டிருப்பாரா? ஓடைச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது — நான் அதற்குள் மேட்டைத் தாண்டியிருப்பேன் — கேட்டிருக்கவே முடியாது.

ஏங்க மூடினீங்க? திறந்து வச்சிட்டு ஏங்க மூடினீங்க?

மார்ச் 13

இன்றும் பதினொரு மணிக்குப் பெருமூச்சு. இம்முறை ஜன்னலைச் சாத்தவில்லை.

மார்ச் 14

முடிவைச் சொன்னால்தான் பொருள் வரவழைக்க முடியும் என்று பட்டறையிலிருந்து அழைத்தார்கள். கழற்றும் பெட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பழைய இரும்புக்குப் போயிடும் மேடம். வேணுமா?"

ஆக, சுருளைப் போட்டால் பதிவு இரும்புக் கடைக்குப் போகும். அச்செடுத்த தாள் அடுப்புக்குப் போகலாம். மகள் மகிழ்வாள், அவள் கேட்டதும் அதுதான். கொன்றது காற்று என்றே இருந்துவிடும். காற்றையே வைத்துக்கொண்டால் ஏன் என்று கேட்பாள்.

மாணவர்களில் ஒருவன் தனக்கு ஒத்துவராத அளவீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வந்து நின்றபோது, ஒரு பருவம் முழுவதும் அவனை ஆய்வகத்துக்குள் விடவில்லை நான்.

திங்கட்கிழமைக்குப் பிறகு சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகளுடைய சாப்பாட்டு மேசை. தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் "எடு" என்று சொன்னதையும் சொன்னேன். குரல் உடையவில்லை. அது பெருமையா என்று தெரியவில்லை.

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஓடையிலேர்ந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர்."

"அந்த ரோட்டுல ஒரு மணி நேரம். அஞ்சு மணிக்கு உள்ள போயிருக்கலாம்." மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும் அதே குரல். "அஞ்சு மணிக்கு அவர் உசிரோட இருந்திருப்பாரா?"

"4:37க்குக் கதவை மூடியிருக்கிறார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருந்திருக்கலாம்."

எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ எதுவும் இல்லாத தொட்டியின் முன் நின்றாள். "வாயால ஒரு மனுஷன் எடுன்னு சொல்றார். நீங்க புத்தகத்தைப் பார்த்தீங்க," என்றாள். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று அழைத்தவள்.

கசியும் வண்டியை எடுத்துப் போயிருக்கவில்லை. பேருந்தில் திரும்பி, தடத்தில் நடந்து வந்தேன். நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

மார்ச் 17

மகளிடமிருந்து அழைப்பு இல்லை.

மார்ச் 24, திங்கள்

மெக்கானிக்கிடம் சுருளையே போடச் சொல்லிவிட்டேன். பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார்: நீங்கள் ஏற முடியாது, உங்களைப் போன்றவர்களுக்குக் காற்றுதான் சரி, புதுப் பை போட்டால் பத்து வருடம் உழைக்கும்.

"முன்பு வேறு கட்சியில் இருந்தீர்களே."

"அது வண்டிக்கு மேடம். இது உங்களுக்கு."

அவரிடம் சொல்லாத காரணம் இது. சுருளுக்கு விளக்கு கிடையாது, பெட்டி கிடையாது, பக்கம் நாற்பத்திரண்டு கிடையாது. எச்சரிக்கும் கருவி ஒன்றை என்னிடம் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்பதைப் பார்த்தாகிவிட்டது. இனி வண்டி ஓடினால் ஓடட்டும், ஒடிந்தால் ஒடியட்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கக் கூடாது.

பக்கத்தில் இருக்க யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 30

இருபது வருடமாக வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். பதினொரு மணிக்கு என்னையறியாமல் பேனாவைக் கீழே வைத்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது கூடுதலாகக் கேட்கிறது.

ஏப்ரல் 5, சனி

வண்டி நேற்று வந்துவிட்டது. நான்கு கால்களிலும் விறைப்பாக நிற்கிறது. காலையில் மூன்று முறை ஏற முயன்றேன். நாற்காலியைப் போட்டு ஒரு முறை. நான்காவது முறைக்கு முன் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, தடத்தில் மகள் நடந்து வருவது தெரிந்தது. காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மூன்று கிலோமீட்டரும் நடந்திருக்கிறாள். மெக்கானிக் அழைத்துச் சொன்னாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

கையை நீட்டினாள், சாவியைக் கொடுத்தேன். என்னை மறுபக்கம் கூட்டிப்போய், பின்னாலிருந்து தோளைக் கொடுத்து, மூட்டை ஏற்றுவதைப் போல ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"காலை மடக்குங்க."

மடக்கினேன்.

ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பு வழியாக வந்து சேர்ந்தது. தார்ச்சாலை வந்ததும், எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். பல் மருத்துவரிடம் என்றேன். எவ்வளவு நேரமாகும் என்றாள். பிடுங்கச் சொன்னால் இரண்டு மணி நேரம் ஆகும், நீ கடைக்குப் போய்விட்டு வரலாம் என்றேன்.

கியரை மாற்றினாள்.

"இருக்கேன்," என்றாள்.