குலப் பதிவேட்டில் மாடசாமி

நர்ஸ் குவார்ட்டர்ஸ், கிளாஸ்கோ
9.10.1967

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மகள் ரத்தினபாய் மெக்கார்லின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நலமாக இருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் படி ஏறும்போது வரும் முழங்கால் வலி குறைந்ததா?

நம் முப்பாட்டனுக்கு ஞானஸ்நானத்தோடு தன் பெயரையும் கொடுத்த ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் குலச் சங்கத்தில் சேரப்போகிறாயா, அவர் மனைவியின் குலச் சங்கத்திலா என்று கேட்டிருந்தீர்கள். மனைவியின் சங்கத்தார் என்னை விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பாதிரியாரின் சங்கச் செயலாளரோ, "இரத்த உறவு இல்லாமல் எப்படியம்மா?" என்றார். சேர்ந்தால் இதில்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

"இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் குலத்தலைவருடைய இரத்தமா?" என்று கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவருடைய முன்னோரே தலைவரின் நிலத்தில் குடியிருந்து, அவர் பெயரைப் போட்டுக்கொண்டவர்களாம். "உங்க பாட்டன் போட்டுக்கிட்டா குலம், எங்க பாட்டன் போட்டுக்கிட்டா மட்டும் இரவலா?" கோபத்தில் பாதி தமிழிலேயே வந்துவிட்டது. மீதியை வைத்துப் புரிந்துகொண்டவர், சிரித்துவிட்டு விண்ணப்பத்தை நீட்டினார்.

முன்னோர் என்ற இடத்தில் பாதிரியார் பெயரை எழுதச் சொல்லியிருந்தீர்கள். மன்னியுங்கள் அப்பா, முப்பாட்டன் ஞானஸ்நானத்துக்கு முன்பு வைத்திருந்த பெயரைத்தான் எழுதினேன். மாடசாமி இப்போது அவர்கள் பதிவேட்டில் இருக்கிறார்.

அடுத்த மாத விருந்துக்கு எல்லாரும் தங்கள் குலத்துக்கென்றே உள்ள கட்டம் போட்ட துணியில் வருவார்கள். நான் அம்மாவின் பச்சைக் கட்டம் போட்ட சேலையில் போவேன். அதை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், கட்டியிருந்ததை அப்படியே மடித்துத் தரும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

ரத்தினம்